பெயர் ஒன்று, இலக்கம் வேறு

நெடுங்காலம் குடியிருந்த வீட்டிலே இருளிலும் நமக்கு வழி தெரியும். தீப்பெட்டி எந்த மாடத்தில் இருக்கின்றது, திறப்பு எந்த ஆணியில் தொங்குகின்றது என்று யோசிக்க வேண்டுவதில்லை. கை தானாகவே சென்று எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் கணினியின் முன் அமர்ந்து உத்தியோகம் பார்ப்போருக்கு அந்தக் கணினியும் இத்தகையதொரு வீடேயாகும். எழுத்தின் அளவு, திரையின் படம், அடிக்கடி திறக்கும் கோப்புகளின் வரிசை, தமிழ் தட்டச்சுக்குரிய விசைப்பலகை என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த சௌகரியங்கள் அதிலே குடிகொண்டிருக்கும். அவை இருக்கும்வரை நாம் அவற்றைக் கவனிப்பதில்லை. ஒருநாட் காலை அவை இல்லாதொழிந்தால் தெரியும் அவற்றின் அருமை.

மஹய்யாவயிலிருந்து ஒரு சகோதரி எமக்கு எழுதிய கடிதம் இதனையே கூறுகின்றது. "என் தந்தையார் கண்டி நகரில் ஒரு காரியாலயத்தில் நெடுநாள் எழுதுவினைஞராக இருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றார். அவர் உபயோகித்த கணினியையே அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினார்கள். அனுப்புமுன் அதனைக் காரியாலய வலையமைப்பிலிருந்து நீக்கி, தந்தையாரின் பெயரிலேயே புதுக் கணக்கொன்றும் திறந்து கொடுத்தார்கள். வீட்டில் வைத்துத் திறந்தால் திரை வெறுமையாக இருக்கின்றது. மதிய இடைவேளைகளில் அயற்பிள்ளைகளுக்காக அவர் தயாரித்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைக் காணவில்லை. பென் டிரைவில் இருந்த சிலவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ தெரிகின்றது. மின்சாரக் கட்டணம் செலுத்தும் இடத்துக் கடவுச்சொல்லையும் கணினி மறந்துவிட்டது. மூன்று நாட்களாகத் தந்தையார் அதன் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களா?" என்று கேட்கின்றார் அச்சகோதரி.

அழித்துவிடவில்லை, அம்மா. பெரும்பாலும் யாவும் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும். காரணத்தை அறிந்துகொண்டால் மீட்கும் வழியும் தெரியும். இத்தகைய சங்கடம் இனிப் பல வீடுகளில் நேரக்கூடும். 2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது காரியாலயக் கணினிகள் பல வீடுகளுக்கு வந்தன. விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 இற்குத் தகுதி பெறாத பழைய கணினிகளை ஸ்தாபனங்கள் கழிப்பதும், அவை உத்தியோகத்தர் கைக்கு வருவதும் இயல்பே. ஆதலின் இவ்வாரம் இதனையே விரிவாக ஆராய்வோம்.

கணினி அறிவது பெயரையன்று

ஒரே தெருவில் இராமையா என்னும் பெயருடையோர் இருவர் இருந்தால் அரசாங்கம் எவ்வாறு பிரித்தறிகின்றது? 1972 முதல் இந்நாட்டில் வழங்கிவரும் தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைக் கொண்டேயாம். பெயர் ஒன்றாயினும் இலக்கம் வேறு. விண்டோஸும் இவ்வாறே செய்கின்றது. நாம் தட்டச்சிடும் பெயர் நமது வசதிக்காக; உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட இலக்கம் உண்டு. எஸ் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கிச் சிறு கோடுகளாற் பிரிக்கப்பட்டுச் செல்லும் அவ்விலக்கத்தின் நடுப்பகுதி, அக்கணக்கை உண்டாக்கிய இடத்தைக் குறிப்பது. கடைசிப் பகுதி ஆளைக் குறிப்பது.

கணக்கை உண்டாக்கும் இடங்கள் இரண்டு. வீட்டுக் கணினி தானே தன் கணக்குகளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். காரியாலயங்களிலோ நூறு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைக் கணினி இருந்து எல்லாருடைய கணக்குகளையும் ஆளும். இவ்வாட்சியை டொமைன் என்பர். 1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. காலத்தில் தொடங்கிய இம்முறை, விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டிரெக்டரி என்னும் பெயரில் விரிவடைந்தது. காரியாலயத்தில் அந்தப் பெரியவர் உபயோகித்த கணக்கு தலைமைக் கணினி வழங்கியது. வீட்டுக்கு அனுப்புமுன் திறந்த புதுக் கணக்கு அவருடைய கணினியே வழங்கியது. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கலாம். இலக்கத்தின் நடுப்பகுதியே வேறு. ஆகவே கணினி அவரை முன்பின் அறியாத புதியவர் என்று கருதி, வெறுமையான புது வீடொன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டது. பழைய வீடு பூட்டியபடி பக்கத்திலேயே நிற்கின்றது.

இதனை நேரிற் காணலாம். சி என்னும் தட்டைத் திறந்து யூசர்ஸ் என்னும் கோப்புறைக்குட் சென்றால், ஒருவருடைய பெயரிலேயே இரண்டு கோப்புறைகள் இருக்கக் காண்பீர்கள். ஒன்றில் வெறும் பெயர். மற்றதிற் பெயருக்குப் பின்னே ஒரு புள்ளியும் கணினியின் பெயரும். முன்னது பழைய வீடு, பின்னது புதியது.

ஆளுக்குரியது, யந்திரத்துக்குரியது

எது போயிற்று, எது இருக்கின்றது என்பதை அறிய ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். கணினியில் உள்ளவற்றுட் சில யந்திரத்துக்குரியவை, சில ஆளுக்குரியவை. எல்லாருக்கும் பொதுவாக நிறுவிய மென்பொருள்கள், கணினியுடன் நேரே பூட்டிய அச்சுப்பொறி, பெரும்பாலும் வை-பை கடவுச்சொற்கள் ஆகியவை யந்திரத்துக்குரியவை. ஆள் மாறினாலும் அவை மாறா. திரைப்படம், விசைப்பலகைத் தெரிவு, வேர்ட் மென்பொருளில் நாம் அமைத்த பக்க அளவுகள், அதன் அகராதியில் நாம் சேர்த்த சொற்கள், உலாவியின் நினைவுக்குறிகள், காரியாலய வலையமைப்பின் வழியாக நாம் இணைத்துக்கொண்ட அச்சுப்பொறிகள் ஆகியவை ஆளுக்குரியவை. இவை பழைய கோப்புறையுள் இருக்கின்றன; ஒரு பகுதி என்.டி.யூசர் என்னும் மறைவான கோப்பினுள் பதிவேடாக இருக்கின்றது.

தமிழ் எழுதுவோர் விசேடமாகக் கவனிக்க வேண்டியது எழுத்துரு. முன்னாளில் எழுத்துருவை நிறுவினால் அது யந்திரத்துக்குரியதாகவே அமையும். அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். 2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் ஒரு பதிப்பிலிருந்து, அனுமதி இல்லாதவரும் தமக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ள முடிந்தது. காரியாலயத்தில் நிர்வாகி உரிமையற்ற ஒருவர் பாமினி எழுத்துருவை நிறுவியிருந்தால், அது அவருடைய கோப்புறைக்குள்ளே தான் போயிருக்கும். பாமினி யூனிகோட் முறைக்கு முற்பட்டது. ஆங்கில எழுத்துகளின் மேலே தமிழ் வடிவங்களைப் போர்த்தி எழுதுவது. போர்வை இல்லாவிடின் "அம்மா" என்ற சொல்லும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த புதிராகவே தோன்றும். மஹய்யாவச் சகோதரி கண்ட கோலம் பெரும்பாலும் இதுவேயாகும். வினாத்தாள்கள் பழுதுபடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவே.

மீட்கும் வழி

முதலில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழையுங்கள். பழைய கோப்புறையைத் திறக்க முயன்றால் "உமக்கு அனுமதி இல்லை" என்னும் கருத்துப்பட ஓர் அறிவித்தல் வரும். தொடர்க என்பதை அழுத்தினால் வழி விடும். ஆவணங்கள், படங்கள், முகப்புத் திரையில் வைத்தவை ஆகியவற்றை முதலில் வெளியே ஒரு வன்தட்டிற் படியெடுத்து, பின்னரே புதுக் கணக்கினுள் கொண்டு செல்லுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம்.

அதன்பின் மறைவான கோப்புறைகளைக் காட்டும்படி கணினியைப் பணித்தால், பழைய வீட்டுக்குள் ஆப்டேட்டா என்னும் அறை தென்படும். அதனுள் லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்னும் வரிசையிற் சென்றால் எழுத்துருக்கள் இருக்கும். அவற்றை இம்முறை எல்லாருக்கும் பொதுவாக நிறுவுங்கள். அதே ஆப்டேட்டாவில் ரோமிங் என்னும் பகுதியுள், மைக்ரோசொப்ட் என்னும் கோப்புறையிலே வேர்டின் மாதிரிப் பக்கமும் நாம் சேர்த்த சொற்களின் அகராதியும் கிடைக்கும். வேர்டை மூடிவிட்டு அவற்றைப் புதுக் கணக்கின் அதே இடத்திற் படியெடுக்கலாம். ஆப்டேட்டா முழுவதையும் அள்ளிப் புதிதின் மேற் கொட்டுதல் மாத்திரம் கூடாது. பழைய இலக்கத்துக்கென எழுதப்பட்ட குறிப்புகள் புதிய இலக்கத்துடன் முரண்பட்டுப் பல மென்பொருள்கள் இயங்க மறுக்கும்.

ஒன்று மட்டும் இவ்வழியிற் கிட்டாது. உலாவியிற் சேமித்த கடவுச்சொற்களை விண்டோஸ் ஒரு பூட்டுக்குள் வைக்கின்றது. அப்பூட்டின் திறப்பு பழைய இலக்கத்தையும் பழைய கடவுச்சொல்லையும் பற்றி நிற்பது. கோப்பைப் படியெடுக்கலாம், பூட்டுத் திறவாது. தனிக் கோப்புகளைக் கணக்கின் பெயராற் பூட்டி வைக்கும் வசதியை உபயோகித்திருந்தால் அவற்றின் கதியும் அதுவே.

அதற்கும் ஒரு வாயில் உண்டு. காரியாலயத்தார் இசைந்து அக்கணினியை மீண்டும் ஒருமுறை வலையமைப்பில் இணைத்து, பழைய கணக்கில் நுழைய விட்டால், இலக்கம் பழையதே ஆதலால் பழைய வீடு அவ்வாறே திறக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு முறைப்படி வெளியேறலாம். ஆனால் அந்தக் கணக்கை அவர்கள் முற்றாக அழித்திருக்கக் கூடாது. அழித்தபின் அதே பெயரிற் புதுக்கணக்கு ஆக்கினால் அதற்குப் புது இலக்கமே கிடைக்கும். ஒருமுறை வழங்கிய இலக்கம் மீண்டும் வழங்கப்படுவதில்லை. ஆகவே ஓய்வு பெற்றோர் இதனைக் கேட்க எண்ணினால் காலந் தாழ்த்தலாகாது.

பிரியுமுன் செய்ய வேண்டியவை

இனி, காரியாலயக் கணினி கைக்கு வரவிருப்போர் முன்கூட்டியே செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம். நோய் வந்தபின் மருந்து தேடுவதிலும் இது எளிது.

முதலாவது, உங்கள் ஆவணங்கள் மெய்யாகவே அக்கணினியில் உள்ளனவா என்று பாருங்கள். ஆவணங்கள் என்னும் கோப்புறையின் இயல்புகளைத் திறந்து அதன் இருப்பிடத்தை நோக்குங்கள். சி என்று தொடங்கினால் நன்று. இரண்டு சாய்கோடுகளுடன் தொடங்கினால் அவை தலைமைக் கணினியில் இருக்கின்றன. ஒன்டிரைவ் என்னும் பெயர் இடையில் வந்தாலோ, அவை காரியாலயத்தின் இணையக் களஞ்சியத்தைச் சார்ந்தவை. அங்கே நீல நிற முகிற் குறி தோன்றும் கோப்புகள் பெயரளவிலேயே இங்கு உள்ளன. உள்ளடக்கம் இங்கு இல்லை. கணக்கு மூடப்படும் நாளில் அவை கண்ணுக்கு முன்னே மறைந்துவிடும். பழைய கோப்புறையைத் தேடியும் பயன் இராது.

இரண்டாவது, உலாவியின் நினைவுக்குறிகளையும் உங்கள் சொந்தக் கடவுச்சொற்களையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் முதலிய உலாவிகளில் இதற்கென வழியுண்டு. அவ்வாறு எடுத்த கடவுச்சொற் கோப்பு எவரும் வாசிக்கக்கூடியது. புது இடத்திற் சேர்த்தவுடன் அழித்துவிடுங்கள். அவுட்லுக் மென்பொருளில் உள்ள உங்கள் சொந்தக் கடிதங்களையும், காரியாலயத்தார் அனுமதித்தால், தனிக் கோப்பாக எடுக்கலாம்.

மூன்றாவது, மாற்றும் முறையைத் தீர்மானியுங்கள். முறைகள் இரண்டு. சாமான்களைப் பொறுக்கிப் புது வீட்டுக்குக் கொண்டு செல்வது ஒன்று. பழைய வீட்டின் உறுதியையே புதிய இலக்கத்தின் பெயருக்கு மாற்றி எழுதுவது மற்றது. முதலாவது மெதுவானது, அபாயம் குறைந்தது. வீட்டில் உள்ளோர் தாமே செய்யலாம். இரண்டாவதிற் திரைப்படம் முதல் சிறு தெரிவுகள் வரை பெரும்பாலானவை அப்படியே வந்துசேரும். ஆயின் உறுதியை மூன்று இடங்களில் மாற்ற வேண்டும்: கோப்புறையின் உரிமை, என்.டி.யூசர் பதிவேட்டின் உரிமை, இன்ன இலக்கத்தாருக்கு இன்ன வீடு என்று யந்திரத்தின் பொதுப் பதிவேட்டில் உள்ள குறிப்பு. ஒன்று தவறினாலும் விண்டோஸ் தற்காலிக வீடொன்றில் நம்மை இருத்தும். அங்கே செய்த மாற்றங்கள் வெளியேறியவுடன் அழிந்துபோகும். ஆதலின் இதனை அறிந்தவரிடம் விடுதலே நலம். இதற்கெனச் சிறு கருவிகளும் உள. மைக்ரோசொப்ட் தானும் யூ.எஸ்.எம்.டி. என்னுங் கருவியைக் கணினிப் பிரிவினருக்காக வழங்குகின்றது. அது ஒரு கணக்கின் உடைமைகளைக் கட்டி வைத்து, வேறு கணக்கில் அவிழ்த்துத் தரும். விண்டோஸ் 7 காலத்திற் பொதுமக்களுக்கும் எளியதொரு மாற்றுக் கருவி இருந்தது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 இல் அது இல்லாமற் போயிற்று.

துண்டு பெற்று வருக

மலையகத் தோட்டங்களில் முன்னாளில் துண்டு என்றொரு முறை இருந்ததைப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். ஒரு தோட்டத்திலிருந்து விலகும் தொழிலாளி, தன் கடன் விபரம் எழுதிய துண்டு இன்றி வேறு தோட்டத்திற் சேர முடியாது. அக்கொடுமை 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கணினியின் உலகிலோ பழைய இடத்தாரின் துண்டு இன்றளவும் வேண்டியிருக்கின்றது. இதில் நன்மையும் உண்டு. பெற வேண்டிய துண்டுகள் நான்கு.

ஒன்று, கணினியின் உள்ளேயே உள்ள நிர்வாகி கணக்கொன்றின் பெயரும் கடவுச்சொல்லும். வலையமைப்பில் இருக்கும்வரை, தலைமைக் கணினி எட்டாத இடத்திலும் பழைய கணக்கு திறக்கும். முன்பு நுழைந்தவரின் அடையாளத்தைக் கணினி நினைவில் வைத்திருப்பதே காரணம். நீக்கிய கணத்தில் அந்த நினைவு செல்லாக் காசாகும். நிர்வாகியின் கடவுச்சொல்லும் இல்லாவிடின் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டு, பிட்லொக்கர் திறப்பு. வன்தட்டு முழுவதையும் பூட்டும் இவ்வசதி இயங்கினால், அதனை மீட்கும் 48 இலக்கங்கள் கொண்ட எண் காரியாலயத்தின் பதிவிலேயே இருத்தல் கூடும். இன்று அது வேண்டியதில்லை. என்றோ ஒருநாள் கணினியைப் பழுதுபார்க்கையிற் கேட்கும். கழித்த கணினியின் பதிவை அவர்கள் அதற்குள் நீக்கியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள்.

மூன்று, மென்பொருளின் உரிமம். காரியாலயங்கள் மொத்தமாக வாங்கும் விண்டோஸும் ஆபிசும் பலவிடங்களில் தலைமைக் கணினியிடம் அவ்வப்போது அனுமதியைப் புதுப்பித்துக்கொள்பவை. அவ்வனுமதி 180 நாட்களுக்கே செல்லும். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் குறையின்றி இயங்கிய கணினி திடீரென உரிமம் இல்லை என்று அறிவிப்பது இதனாலேயாம். எது நமக்குரியது, எதற்குப் பதிலாக வேறு வாங்க வேண்டும் என்பதை முன்னரே கேட்டறிந்தால் ஏமாற்றம் இல்லை.

நான்கு, கணினியும் அதிலுள்ள இன்ன இன்ன கோப்புகளும் உமக்கு விடப்பட்டன என்று ஒரு சிறு கடிதம். பலர் இதனை அற்பம் என்று எண்ணுவர். இதுவே மானத்தைக் காப்பது. காரியாலயக் கணினியில் நாம் செய்த வேலை நமது உழைப்பாயினும், வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியலும் கணக்கு ஏடுகளும் நம் உடைமையல்ல. பழக்கங்களைச் சுமந்து வரலாம்; பிறர் இரகசியங்களைச் சுமந்து வரலாகாது. அவற்றை ஒப்படைத்து நீக்கிவிட்டு வருவதே நேர்மை.

இணையத்தின் வழியாகக் காரியாலயத்தின் மைக்ரோசொப்ட் கணக்கில் நேரே இணைந்த புதுக் கணினிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். இணைப்பைத் துண்டிக்குமுன் உள்ளே ஒரு நிர்வாகி கணக்கை ஆக்கி, ஒருமுறை அதில் நுழைந்து பார்த்துவிட்டுத் துண்டியுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "நான்" என்று நாம் எண்ணுவது ஒன்று; பதிவேடு நம்மை எண்ணுவது வேறொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்விலக்கம், பரீட்சையிற் சுட்டிலக்கம், வங்கியிற் கணக்கிலக்கம் என்று நமது பெயருக்குப் பின்னால் எத்தனையோ இலக்கங்கள் நின்று நமக்கு வாயில் திறக்கின்றன. ஓர் இடத்தை விட்டு வேறிடம் செல்லும்போது எந்த இலக்கம் எந்தப் பூட்டைத் திறக்கின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள். யந்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இவ்வழக்கம் எந்த யந்திரத்துக்கும் உதவும்.

மஹய்யாவச் சகோதரி தம் தந்தையாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: கணினி அவரை மறக்கவில்லை, அவரை அது அறிந்திருந்த இலக்கம் மாறியிருக்கின்றது. பழைய கோப்புறையைத் திறந்து பாமினியை முதலில் நிறுவுங்கள். பிள்ளைகளின் பரீட்சைக்கு வினாத்தாள்கள் உதவட்டும்.